வெட்டத் தெரிந்தவரும் தைக்கத் தெரிந்தவரும்: ஒரு பழைய தாளின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் தையல் மெசின் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன விடுமுறையில் உம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, வெட்டுத் துணிகளுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு பெரிய தாள் கிடைத்தது. விரித்தால் ஒரு மேசை அளவு. இரண்டு பக்கமும் சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம் என்று கோடுகள். சில கோடு நேர்கோடு, சில புள்ளிப் புள்ளி, சில விட்டு விட்டுப் போகிறது. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன.

அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்த் தரம் பத்து வரலாறு பாடத்தில் கரும்பலகையில் ஒட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை "ரெயில் பாதைப் படம்" என்றது. இன்னொன்று "யுத்தப் படம்" என்றது. பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் கிட்ட வந்து பார்த்து, "மிஸ், இது சட்டைக் கை மாதிரி இருக்கு" என்று ஒரு வளைவைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் சொன்னதுதான் சரி. அது ஒரு பெஷன் சஞ்சிகையோடு வந்த வெட்டு மாதிரித் தாள். மூலையில் "புர்டா" என்று அச்சிட்டிருந்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் சாச்சி, எண்பதுகளின் கடைசியில் அந்த வீட்டம்மா வீச இருந்த பழைய சஞ்சிகைகளில் இரண்டைக் கேட்டு வாங்கி, சூட்கேஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தது. சஞ்சிகை எப்போதோ கிழிந்து போய்விட்டது. தாள் மட்டும் மிச்சம்.

புர்தா என்றதும் நமக்கு மௌலிது மஜ்லிஸில் ஓதும் புர்தாதான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. இது ஒரு ஜேர்மன் குடும்பப் பெயர். ஆனால் அரபியில் புர்தா என்றால் போர்வை, மேலாடை. துணி சம்பந்தப்பட்ட ஒரு சஞ்சிகைக்குத் தற்செயலாக இந்தப் பெயர் அமைந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அந்தச் சஞ்சிகையை உருவாக்கிய பெண்ணின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் நம்ம ஊர்த் தையல் கடையைப் பற்றி ஒரு விஷயம்.

பதுளை பஜாரில் பழைய தையல் கடைகளில் வேலை பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சின்னப் பையனாகப் போனால் முதலில் பட்டன் வைக்க வேண்டும், காஜா எடுக்க வேண்டும், இஸ்திரிக்குக் கரி போட வேண்டும். பிறகு மெசினில் உட்கார விடுவார்கள். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் தர வருசக் கணக்காகும். வெட்டுவது மாஸ்டருடைய வேலை. சாக்கட்டியால் கோடு போடும்போது சில மாஸ்டர்மார் முதுகைத் திருப்பிக்கொள்வார்களாம். என் மாமா ஒருவர் சொல்வார்: "தைக்கத் தெரிஞ்சவன் கூலிக்காரன், வெட்டத் தெரிஞ்சவன் கடைக்காரன்." ஏனென்றால் முழு உடுப்பும் இருப்பது வெட்டிலேதான்.

உலகம் முழுக்க நிலைமை இப்படித்தான் இருந்தது. தையல் மெசின் வந்த பிறகும் மாறவில்லை. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். மெசின் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெட்டும் அறிவு வரவில்லை. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் இதற்கு ஒரு வழி கண்டார். உடுப்பின் துண்டுகளை மெல்லிய கடுதாசியில் அளவு அளவாக வெட்டி, மடித்து, விற்றார். அந்த மாதிரித் தாள்களை விற்பதற்காகவே பிறகு சஞ்சிகைகளும் நடத்தினார். பெஷன் சஞ்சிகைகளின் வேர்களில் ஒன்று இந்தக் கடுதாசியில்தான் இருக்கிறது. 1909இல் வோக் சஞ்சிகையை வாங்கிய கொண்டே நாஸ்டும் அதற்கு முன் வெட்டு மாதிரி விற்கும் வியாபாரத்தில் இருந்தவர்தான்.

இனி எனே புர்டாவுக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1909 ஜூலை 28ஆம் திகதி, ஜேர்மனியின் தென்மேற்கில் ஒஃபன்பேர்க் என்ற சிறிய நகரத்தில். வாப்பா நிலக்கரி ரெயிலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. ஒஃபன்பேர்க்கை நம்மவர்கள் பார்த்தால் அந்நியமாக உணர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து கரும்வனம் என்ற மலைக்காட்டுக்குள் ஏறும் ரெயில் பாதை 1873இல் முழுமையானது. மலையைச் சுற்றிச் சுற்றி, சுரங்கம் சுரங்கமாக ஏறுகிறது. 1924இல் நம்ம பதுளைக்குக் கோச்சி வந்த பாதையும், அதில் தெமோதரையில் தன்னைத் தானே சுற்றி வரும் வளையமும் உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு மலைப்பாதை தொடங்கும் ஊரில், ஒரு ரெயில்வே தொழிலாளியின் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

பதினேழு வயதில் படிப்பை விட்டு, மின்சார நிறுவனத்தில் காசாளராக வேலைக்குப் போனார். 1931இல் ஃபிரான்ஸ் புர்டா என்ற அச்சக முதலாளியின் மகனை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். பிறகு யுத்தம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரலாறு படிப்பிப்பவள் அதை மறைத்தால் அது வரலாறு அல்ல, விளம்பரம். ஃபிரான்ஸ் புர்டா 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதே வருசம் மன்ஹைம் நகரில் யூதர்களுக்குச் சொந்தமாக இருந்த ஓர் அச்சகத்தை வாங்கியவர்களில் ஒருவர். யூதர்கள் தங்கள் சொத்தை விற்றுவிட்டு ஓட வேண்டிய காலம் அது. அந்தக் குடும்பத்தின் வளர்ச்சியில் இந்தக் கறையும் உண்டு. ஊரை விட்டு விரட்டப்படுவது என்றால் என்ன, பிரஜாவுரிமை இல்லாமல் போவது என்றால் என்ன என்று நம்ம மாகாணத்துத் தோட்ட மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

யுத்தம் முடிந்தது. 1949இல் எனேக்கு நாற்பது வயது. அப்போதுதான் இரண்டு விஷயம் தெரிய வந்தது. கணவருக்கு முன்னாள் செயலாளரோடு தொடர்பு, அதில் ஒரு மகளும் உண்டு. அது மட்டுமல்ல, லார் என்ற பக்கத்து ஊரில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெஷன் சஞ்சிகைப் பதிப்பகத்தையும் கணவர் அமைத்துக் கொடுத்திருந்தார். எனேக்கும் நெடுநாளாக இருந்த ஆசை ஒரு பெஷன் சஞ்சிகை நடத்துவதுதான்.

அழுதிருப்பார், சண்டையும் பிடித்திருப்பார். ஆனால் கடைசியில் அவர் கேட்டது வேறு: அந்தப் பதிப்பகத்தை என்னிடம் கொடு. கடனில் மூழ்கிக் கிடந்த பதிப்பகம் அது. வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்து மேற்கு ஜேர்மனிச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மனைவி வேலைக்குப் போனால், அது குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை என்று காட்டி அந்த வேலையை நிறுத்தக் கணவனுக்கு 1958 வரை வழி இருந்தது. மனைவியின் சொத்தை நிர்வகிப்பதும் கணவன்தான். ஐரோப்பா என்றால் எப்போதும் பெண்கள் சுதந்திரமாக இருந்த இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில்தான் இந்தப் பெண் முதலாளியானார்.

1950 ஜனவரியில் "புர்டா மோடன்" முதல் இதழ் வந்தது. ஒரு லட்சம் பிரதிகள்.

ஏன் விற்றது? அந்த நேரத்தில் ஜேர்மனியில் நகரங்கள் இடிந்து கிடந்தன. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் ஏராளம். துணி இல்லை. பழைய இராணுவக் கோட்டையும், ஜன்னல் திரையையும், பரசூட் துணியையும் வெட்டிப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்த காலம். மறுபக்கம் பரிஸில் 1947இல் கிறிஸ்டியன் டியோர் மீட்டர் கணக்கில் துணி விழும் பாவாடைகளைக் காட்டியிருந்தார். படத்தில் பார்க்கலாம், வாங்க முடியாது. மற்றச் சஞ்சிகைகள் அந்த உடுப்பைக் காட்டி ஆசையை மூட்டின. எனே புர்டா அந்த ஆசைக்கு ஒரு கடுதாசியைக் கொடுத்தார். 1952 முதல் சஞ்சிகையோடு சேர்த்தே வெட்டு மாதிரித் தாளும் வந்தது.

இந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதன் கெட்டித்தனம் புரியும். பட்டரிக் ஒரு உடுப்புக்கு ஒரு கடுதாசி உறை விற்றார். புர்டா தாளில் பல உடுப்புகளின் துண்டுகளை, பல அளவுகளில், ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். நிறத்தாலும் கோட்டின் வகையாலும் பிரித்து வைத்தார்கள். உங்களுக்கு வேண்டிய உடுப்பின் இலக்கத்தைச் சஞ்சிகையில் பார்க்க வேண்டும். நெஞ்சு, இடுப்பு அளவை நாடாவால் எடுத்து, அட்டவணையில் உங்கள் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவுக்குரிய கோட்டை மட்டும் கண்ணால் பிடித்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பிரதி எடுக்க வேண்டும். தையலுக்கு விடும் ஓரத்தை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகுதான் துணியில் வைத்து வெட்டுவது. பழகும்வரை தலை சுற்றும். பழகிவிட்டால் ஒரு சஞ்சிகையின் விலைக்குப் பல உடுப்புகளின் வெட்டு கையில்.

மாஸ்டர் முதுகைத் திருப்பி மறைத்த கோடு, இப்போது குசினி மேசையில் விரிந்து கிடந்தது.

உடுப்புகளையும் அவர் யோசித்துத்தான் தெரிந்தார். பரிஸ், ரோம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாதாரண வீட்டுப் பெண் வேலைக்கும் விருந்துக்கும் போடக்கூடிய விதமாக எளிமையாக்கினார். தைக்க முடியாததைப் போடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டி, உலகத்தின் மிகப் பெரிய பெஷன் சஞ்சிகையாகிவிட்டது. மொழி மொழியாகப் போனது. கணவரின் பெரிய அச்சகத்துக்குப் பக்கத்தில் மனைவியின் பதிப்பகமும் தனிப் பெயரோடு வளர்ந்து நின்றது.

1987 மார்ச்சில், எனேக்கு 77 வயது, இன்னொரு பெரிய காரியம் நடந்தது. சோவியத் ஒன்றியத்தில் ரஷ்ய மொழியில் வெளிவந்த முதல் மேற்கத்திய வணிகச் சஞ்சிகை புர்டா மோடன்தான். அதையொட்டி மொஸ்கோவில் சங்கங்களின் இல்லத்துத் தூண் மண்டபத்தில் பெஷன் காட்சியும் வைத்தார்கள். லெனின், ஸ்டாலின் உடல்களை மக்கள் பார்வைக்கு வைத்த மண்டபம் அது. கடையில் நல்ல உடுப்பு கிடைக்காத நாட்டில், ஒரு தாளும் ஒரு மெசினும் இருந்தால் போதும் என்று பெண்கள் அந்தச் சஞ்சிகையைத் தேடித் திரிந்தார்கள், கைமாற்றினார்கள், பிரதி எடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டியும் பொறுப்பில் இருந்த எனே புர்டா, 2005 நவம்பர் 3ஆம் திகதி, 96ஆவது வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார்.

மொஸ்கோவில் பெண்கள் வரிசையில் நின்ற அதே காலத்தில்தான் அந்தத் தாளில் ஒன்று குவைத் வழியாகப் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. உம்மாவுக்கு ஜேர்மன் மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆங்கிலமும் அவ்வளவாக வராது. ஆனால் பக்கத்து வீட்டு ராத்தாவோடு உட்கார்ந்து, இலக்கத்தையும் கோட்டையும் பார்த்துப் பார்த்து, முதலில் பழைய சாரத்தில் வெட்டிப் பழகி, அந்த வருசப் பெருநாளுக்கு எனக்கும் தங்கச்சிக்கும் கொலர் வைத்த சட்டை தைத்தார். பிறகு எங்கள் தெருவில் பல வீட்டுப் பிள்ளைகளின் பெருநாள் சட்டை எங்கள் வீட்டு மெசினில்தான். அந்தக் காசில்தான் என் கல்வியியற் கல்லூரிச் செலவில் ஒரு பங்கு போனது. இப்போது கண் தெரிவதில்லை, ஊசி கோர்க்க என்னைக் கூப்பிடுகிறார். "பாஷை தெரியாம எப்படி உம்மா விளங்கிச்சு?" என்று கேட்டேன். "கோட்டுக்குப் பாஷை ஏது மகள்" என்றார்.

இதை எல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, அந்தப் பசறைப் பக்கப் பிள்ளை கையை உயர்த்தினாள். "மிஸ், எங்க அக்கா கார்மென்ட்ஸுல மூணு வருசமா இருக்காங்க. பாக்கெட் மட்டும்தான் தைக்கிறாங்க. முழுச் சட்டை தைக்கத் தெரியாதுன்னு சொல்றாங்க."

அன்றைக்கு எனக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

யோசித்துப் பாருங்கள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் பிரேமதாச ஜனாதிபதியின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தது. இன்று நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதிக் கைத்தொழில் அதுதான். வருசத்துக்கு நான்கு பில்லியன் டொலருக்கு மேல். அதில் உழைப்பது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டிய, தம்பியைப் படிக்கவைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் தொழிற்சாலையில் உடுப்பை லைன் லைனாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருத்தி கொலர், ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட். வேகம் கூடும், பிழை குறையும். ஆனால் பத்து வருசம் தைத்த பிள்ளை வெளியே வரும்போது, கையில் ஒரு முழுச் சட்டை இருப்பதில்லை.

இது நமக்குப் பழைய கதை. அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் தோட்டம் வாங்கியது 1890இல். தோட்டத்துத் தேயிலையைத் தன் பெயர் போட்ட பக்கெட்டில் அடைத்து விற்றார். கொழுந்து பறித்தவர்கள் யார் என்று எந்த பக்கெட்டிலும் இல்லை. பெயரும் பக்கெட்டும் அவரிடம், கூடை நம்ம ஆட்களின் முதுகில். உடுப்பிலும் அதுதான் நடக்கிறது. வெட்டும் வரைபடமும் பெயரும் அங்கே, ஊசி இங்கே.

எனே புர்டா ஒரு தர்மசாலை நடத்தவில்லை. அவர் வியாபாரி, பெரும் பணக்காரர் ஆனார். பக்கத்திலேயே கணவரின் அச்சகம் இருந்தது. அது நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி. துரோகத்தால் வந்த வாய்ப்பை எல்லாருக்கும் உதாரணமாகச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் அவருடைய கணக்கு சரியாக இருந்தது. அறிவைப் பூட்டி வைத்து உடுப்பை விற்றவர்கள் நடுவில், அவர் அறிவையே அச்சடித்து, மலிவாக, லட்சக் கணக்கில் விற்றார். அதனால் அவரும் உயர்ந்தார், தாளை வாங்கியவளும் ஒரு சட்டை தைத்தாள்.

இப்போது அச்சகம் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபோன் இருக்கிறது. தமிழில் வெட்டுச் சொல்லித் தரும் காணொளிகள் நிறைய வருகின்றன. நம்ம பிள்ளைகள் அவற்றைப் பார்க்கிறார்கள், அபாயா தைத்து இணையத்தில் விற்கிற தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். குறைவது ஒன்றுதான்: கிட்ட உட்கார்ந்து, பிழை விட்டால் "இங்க அரை அங்குலம் கூட்டு" என்று சொல்லும் ஒரு ஆள். காணொளி அதைச் சொல்லாது.

அதனால் இந்தப் பதிவில் ஒரு வேண்டுகோள். பஜாரில் தையல் கடை வைத்திருந்த மாமாமார், நானாமார் பலர் இப்போது ரெடிமேட் வந்து வேலை குறைந்து வீட்டில் இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் வெட்டு, உங்களோடு போய்விடும். சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் தர முடியுமானால் எனக்குச் சொல்லுங்கள். இடம் ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. பிள்ளைகள் எந்தப் பாடசாலை, எந்தச் சமயம் என்று பார்க்கப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் வகுப்பு வைப்போம். பழைய அளவுக் கொப்பி, கடுதாசி மாதிரி, எது வீட்டில் இருந்தாலும் வீசாதீர்கள்.

முதல் பிள்ளை ஏற்கனவே சேர்ந்துவிட்டாள். தாளில் சட்டைக் கையைக் கண்டுபிடித்தவள்தான். போன வெள்ளிக்கிழமை அந்தத் தாளை ஒரு நாளைக்குத் தாங்க மிஸ் என்று கேட்டாள். கொடுத்தேன். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவந்தபோது அதோடு தினசரிப் பத்திரிகையில் வெட்டிய நாலு துண்டும் இருந்தன. முன் பக்கம் ஒன்று, பின் பக்கம் ஒன்று, இரண்டு கை. "அக்காவும் நானும் சேர்ந்து எடுத்தோம் மிஸ். அக்கா அளவுக்கு" என்றாள்.

கை கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. தையல் ஓரம் கூட்ட மறந்துவிட்டார்கள். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மாஸ்டர் வேண்டும்.